'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

சமூகப்பணி முதுகலைக்கு நேர்காணலில் உட்காருகிற எவரும் ஒரு கேள்விக்குத் தயாராக இருந்தாக வேண்டும்: இதுவரை மக்களோடு என்ன வேலை செய்திருக்கிறீர்கள்? மும்பையின் கோவண்டியிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் தாராவியிலிருந்தும் வருகிற தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில் 7 நாள் மரம் நட்டதைச் சொல்வார்கள். ரத்ததானம் செய்ததைச் சொல்வார்கள். அதுவும் இல்லாதவர்கள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

பத்து வயதிலிருந்து பாட்டியைக் கோவண்டி ஷதாப்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கேஸ் பேப்பர் எடுக்க வரிசையில் நின்று, டாக்டர் இந்தியில் சொன்னதைத் தமிழாக்கிச் சொன்ன பெண் அதை எழுதுவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்க்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த பையனும் எழுதுவதில்லை. குழாயில் தண்ணீர் வராத வாரத்தில் சால் என்னும் வரிசைவீட்டுக் குடியிருப்பு முழுக்கக் கையெழுத்து வாங்கி வார்டு ஆபீசில் மனு கொடுத்தவர்களுக்கு, அது வேலை என்றே தோன்றுவதில்லை. அதெல்லாம் அவர்களுக்குப் பிழைப்போடு சேர்ந்த அலைச்சல். இன்னொரு பக்கம், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு தொண்டு நிறுவனத்தில் படம் பிடித்துக்கொண்ட வசதியான வீட்டுப் பிள்ளை அதே கட்டத்தை நாலு வரியில் நிரப்பிவிடுகிறது.

இது சரியில்லை. சமூகப்பணிப் பயிற்சிக்குள் நுழைய என்ன அனுபவம் வேண்டும், என்ன திறமை வேண்டும் என்பதை யாராவது இந்தப் பிள்ளைகளிடம் அவர்கள் மொழியில் சொல்லியாக வேண்டும். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பது எது, இன்னும் பழக வேண்டியது எது என்று பிரித்தும் காட்ட வேண்டும். வாழ்ந்த அனுபவம் பெரிய முதல். ஆனால் அது தானாகத் திறமையாகிவிடாது.

ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஹார்பர் லைனில் கோவண்டி நிலையத்துக்கு ஒரு பக்கம் தேவ்நார். அங்கே சயான்–டிராம்பே சாலையில், மரங்கள் அடர்ந்த வளாகத்தில் டாடா சமூக அறிவியல் நிறுவனம். ஊர் வழக்கில் 'டிஸ்'. இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது இந்த நிறுவனத்தில்தான். மறு பக்கம் சிவாஜி நகர், பைகன்வாடி, ரஃபி நகர். அதற்கும் அப்பால், 1927 முதல் மும்பையின் குப்பையை வாங்கிக்கொள்ளும் தேவ்நார் குப்பைமேடு. 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றி எரிந்தபோது அதன் புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் படுத்துறங்குகிற குழந்தைகளுக்கு அந்த நாள்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, நகரத்தின் 24 வார்டுகளில் கோவண்டி அடங்கிய எம்-ஈஸ்ட் வார்டைக் கடைசியில் வைத்தது.

பல ஆண்டுகள் டிஸ்ஸும் இந்த வார்டும் ஒன்றையொன்று அதிகம் தொடாமலே வாழ்ந்தன என்று சொன்னால் மிகையாகாது. 2011-ல், தன் 75-வது ஆண்டில், இந்த வார்டு முழுவதையும் மாற்ற ஒரு திட்டத்தை அந்த நிறுவனம் கையில் எடுத்தது. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வளாகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த மக்களை அப்போதுதான் முறையாக எண்ணத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்தக் கல்வியின் பிறப்பு இப்படி இல்லை. 1936-ல் 'சர் தோராப்ஜி டாடா பட்டதாரி சமூகப்பணிப் பள்ளி' என்ற பெயரில் அது தொடங்கியது, தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கிய நாக்பாடாவில். அங்கே ஏழை மக்களுக்காக நடந்துகொண்டிருந்த நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ் என்ற இல்லமே முதல் கல்லூரி. இல்லத்தை உருவாக்கிய கிளிஃபோர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரிதான் முதல் இயக்குநர். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889-ல் நிறுவிய ஹல் ஹவுஸின் மரபு அவருக்குத் தெரியும்: மக்கள் நடுவே குடியிருந்து, அங்கேயே கற்றுக்கொண்டு, அங்கேயே வேலை செய்வது. அடுத்து இயக்குநரானவர் ஒரு தமிழர். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவரான ஜே.எம். குமரப்பா, தஞ்சாவூர்க் குடும்பத்தவர். 1944-ல் இன்றைய பெயருக்கு மாறியது. 1954-ல் தேவ்நாருக்கு வந்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கியபோதும் வேலையே முன்னால் நின்றது. கில்டு ஆஃப் சர்வீஸ் மூலம் களத்தில் பல ஆண்டு இருந்தவர் அவர். களம் முதலில், வகுப்பறை பிறகு என்பதே இந்தப் படிப்பின் பழைய வரிசை.

இன்றைக்கும் இந்தப் படிப்பின் முதுகெலும்பு ஃபீல்டு ஒர்க்தான். பொதுவாக வாரத்தில் 2 நாள், இரண்டு வருடமும். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் சேரலாம் என்பதால், பி.காம். முடித்தவரும் வேதியியல் முடித்தவரும் ஒன்றாக வந்து உட்காருவார்கள். சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு போலீஸ் நிலையத்திலோ குழந்தைகள் காப்பகத்திலோ ஆஸ்பத்திரியிலோ குடிசைப் பகுதியான பஸ்தியிலோ கொண்டுபோய் விடுவார்கள். அங்கே முதல் மாதம் மனம் உடைந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளின் வீட்டுக்குள் அதற்கு முன் கால்வைத்தே இராதவர்கள்.

பட்டம் வாங்காத ஒரு தமிழர்

இந்த வட்டாரத்தில் சமூகப்பணி பற்றிப் பேசும்போது ஜோக்கின் அற்புதத்தை விட்டுவிட முடியாது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தார். அணுசக்தி மையத்தை ஒட்டிய ஜனதா காலனியில் குடியிருந்தார். படிப்பு இல்லை, பணம் இல்லை. காலனியில் குப்பை எடுக்க நகராட்சி வரவில்லை. அவர் என்ன செய்தார்? பாட்டும் விளையாட்டுமாகத் தன்னைச் சுற்றி வந்த சிறுவர்களைத் திரட்டினார். ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் காகிதத்தில் கட்டி எடுத்து வரச் சொல்லி, ஊர்வலமாகப் போய் நகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார். அதிகாரிகள் பேச்சுக்கு இறங்கி வந்தார்கள்.

இந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒரு மாணவர் இதைத் திறமைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குப்பை யார் பொறுப்பு, எந்த அலுவலகம், எந்தக் கதவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வீட்டின் எரிச்சலை எல்லா வீட்டின் கோரிக்கையாக மாற்றத் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னால் கேட்கிற அளவுக்கு அந்தக் குழந்தைகளும் அவர்களுடைய தாய்மார்களும் அவரை நம்பியிருந்தார்கள். நம்பிக்கை அன்றைக்குக் காலையில் வந்ததாக இருக்க முடியாது.

1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்களைக் கொண்டுபோய்ச் சீத்தா கேம்ப்பில் இறக்கினார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ் கேட்கிறது என்றால் அதன் காரணம் அந்த இடிப்பு. தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்த ஜோக்கினுக்கு 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபரில் காலமானார்.

அவர் தனியாக அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிஸ்ஸில் சமூகப்பணி படித்த ஷீலா படேல் 1984-ல் 'ஸ்பார்க்' அமைப்பைத் தொடங்கினார். பைகுல்லா நடைபாதைகளில் குடியிருந்த பெண்களோடு சேர்ந்து, அவர்களை ஒருவர் விடாமல் எண்ணி, 1985-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். அரசுக் காகிதங்களில் இல்லாதவர்கள் அன்றைக்குக் காகிதத்தில் ஏறினார்கள். படித்தவருடைய பதிவு முறையும் வாழ்ந்தவருடைய நம்பிக்கையும் ஸ்பார்க், கூட்டமைப்பு, பெண்கள் அமைப்பான 'மகிளா மிலன்' என்ற மூன்றின் கூட்டில் சேர்ந்தன. பயிற்சிக்குப் போகிற ஒருவர் தன்னிடம் இந்த இரண்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்குள் நுழைவது

பைகன்வாடியில் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டு இருக்கலாம். மேலே ஏணி வைத்து ஒரு மாடி, அங்கே ஜரி வேலை நடக்கிறது. கீழே மாமியார் படுத்திருக்கிறார். மருமகள் மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. அங்கன்வாடித் தாயோடு முதல் தடவை ஹோம் விசிட் போகிற இளம்பெண் வாசலில் நிற்கிறாள். தாய் என்பது மராத்தியில் அக்கா. பஸ்தியில் எல்லோரும் அங்கன்வாடிப் பணியாளரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர் செய்கிற முதல் தவறு, உட்கார்ந்ததும் பேனாவையும் படிவத்தையும் எடுப்பது. காகிதம் வெளியே வந்தால் பேச்சு மாறிவிடும். வீட்டை இடிக்கக் கணக்கெடுக்கிறார்களோ என்ற பயம் இந்த வட்டாரத்தில் எப்போதும் உண்டு, நியாயமான பயம். இரண்டாவது தவறு, கேள்வியை மாமியாரிடம் கேட்டுவிட்டு மருமகளின் முகத்தைப் பார்க்காமல் விடுவது. மூன்றாவது, தேநீர் வேண்டாம் என்பது. இதை நான் சற்று அழுத்தியே சொல்கிறேன். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளர்ந்த பிள்ளை, தலித் வீட்டிலோ முஸ்லிம் வீட்டிலோ தரும் டம்ளரைத் தொடாமல் எழுந்து வந்தால், அதன் பிறகு எத்தனை தடவை போனாலும் அந்த வீட்டின் கதவு பாதிதான் திறக்கும். தண்ணீரின் சுத்தம் பற்றிப் பயம் இருந்தால், கொதித்த தேநீரைக் குடிக்கலாமே.

குழந்தையின் ஊட்டநிலையைப் பார்க்க, அதன் கையில் அளவு நாடாவைச் சுற்ற வேண்டும். இடது மேல்கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடு இடம். இறுக்கினால் அளவு குறையும், தளர விட்டால் கூடும். நாடாவில் மூன்று நிறம். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை. அதற்குக் கீழே 11.5 வரை மஞ்சள்; அதற்கும் கீழே போனால் சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு. பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. சிவப்பு வந்துவிட்டால் அந்த இளம்பெண் என்ன சொல்லப் போகிறாள் என்பது பத்து நிமிடத்தில் வராது. "பிள்ளைக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அந்த மருமகள் அடுத்த மாதம் கதவைத் திறக்க மாட்டாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நாள் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், மருமகள் எத்தனை மணிக்கு வேலைக்கு உட்காருகிறாள் என்று ஒவ்வொன்றாக வந்தால் காரணம் தானே வெளிப்படும். பெரும்பாலும் அது அம்மாவின் அலட்சியமாக இருக்காது.

டி.பி. நோயாளியின் வீட்டில் வேறு மாதிரி. சாதாரண வகை என்றாலே 6 மாத மருந்து. மருந்துக்கு மசியாத வகை என்றால் இன்னும் நீளலாம். எம்-ஈஸ்ட் வார்டில் இந்த இரண்டாவது வகை புதிதல்ல. அரசு மாதந்தோறும் சத்துணவுக்குப் பணம் தருகிறது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். ஆனால் பணம் போய்ச் சேர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை கோலியில் இருப்பவருக்கு முகவரிச் சான்று ஏது? மருத்துவம் தெரியாத 20 வயதுப் பையன் இந்த முடிச்சை அவிழ்க்க உதவ முடியும். ஆதார், வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று, எது எங்கே கிடைக்கும், எந்த அதிகாரி எந்த நாளில் உட்காருவார் என்று அறிந்து வைத்திருப்பது சின்ன விஷயமல்ல. மராத்தியில் எழுதிய காகிதத்தைப் படித்து, இந்தியில் விளக்கி, வீட்டில் தமிழில் யோசிக்கிற மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இது கைவந்த கலை. அதைத்தான் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் எழுத வேண்டும்.

தெரிந்தவர்கள் மறக்க வேண்டியது

இதே பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பஸ்தியில் வளர்ந்தவர்களுக்கு அடிக்கடி வருகிற வழுக்கல், கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது. "எனக்குத் தெரியாதா, நானும் இங்கதானே இருக்கேன்." பாட்டிக்காக மொழிபெயர்த்த பெண்ணுக்கு இது நன்றாகப் புரியும்: டாக்டர் கேட்ட கூச்சமான கேள்வியைப் பாட்டியிடம் கேட்காமல் தானே ஒரு பதிலைச் சொல்லியிருப்பாள். வீட்டுக்குள் அது பாசம். வேலையில் அது ஆபத்து.

அடி வாங்கிய பெண் ஒருத்தி பேசத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அவரு நல்லவருதான்மா, குடிச்சாத்தான்..." என்று நிறுத்துகிறாள். புதியவர் உடனே "விட்டுட்டு வந்துடுங்கக்கா" என்பார். அல்லது, "அண்ணன்கிட்ட நான் பேசுறேன்" என்பார். இரண்டும் அவளை இன்னும் பெரிய அடிக்குள் தள்ளலாம். பழகியவர் கேட்பது, "இன்னைக்கு ராத்திரி எங்க இருப்பீங்க அக்கா? பிள்ளைங்க யாருகூட இருக்காங்க?" என்பது. அதன் பிறகுதான் சட்டம் வரும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதையும், பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்வது அப்போதுதான் அவள் காதில் விழும். மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே 1984-ல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவு ஒன்றை டிஸ் தொடங்கியது. போலீஸ் நிலையத்துக்கு வந்த பெண்ணிடம் பயமுறுத்தாமல் பேச அங்கே சமூகப்பணியாளர் தேவைப்பட்டதால்தான் அது தொடங்கியது.

குழந்தை விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதல். ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. திரும்பத் திரும்பச் சொல்லவைக்கவும் கூடாது. சொன்னதை நம்பி, அதன் சொற்களிலேயே குறித்து வைத்து, பொறுப்பான மூத்தவரிடம் அன்றைக்கே போக வேண்டும். குழந்தையின் பெயர் வெளியே வரக் கூடாது. நண்பர்களிடமும் வாட்ஸ்அப்பிலும் கூட. தன்னார்வலராகப் போகிற எவரும் முதல் நாளுக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். பல இடங்களில் இதைச் சொல்லித்தராமலே பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

கேட்கத் தெரிவது எவ்வளவு பெரிய திறமை என்பதற்குப் பீகாரைப் பார்க்க வேண்டும். பீகார் அரசு கேட்டுக்கொண்டபடி, டிஸ்ஸின் 'கோஷிஷ்' குழு அங்கே 110 காப்பகங்களை ஆய்வு செய்து 2018-ல் அறிக்கை தந்தது. முசாபர்பூர் சிறுமியர் காப்பகத்தில் நடந்த கொடூரம் அப்படித்தான் வெளியே வந்தது. அதிகாரிகள் அந்தக் கட்டடத்துக்குள் அதற்கு முன் போகாமல் இல்லை. பதிவேடுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். குழந்தைகளின் பேச்சைக் கேட்கத் தெரிந்தவர்கள் போனபோதுதான் உண்மை வந்தது. பின்னர் காப்பகத்தை நடத்தியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கேட்டதை எழுதும் பழக்கமும் கூடவே வர வேண்டும். படிப்பில் சேர்ந்த பிறகு வாராவாரம் ரெக்கார்டிங் எழுத வேண்டியிருக்கும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எனக்கு ஏன் கோபம் வந்தது, நான் எங்கே அவசரப்பட்டேன் என்று எல்லாம் அதில் வரும். சூப்பர்வைசர் அதைப் படித்து வரிக்கு வரி கேள்வி கேட்பார். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிற பிள்ளைகள் இங்கேதான் பின்தங்குகிறார்கள். அதற்கு வழி இருக்கிறது: இப்போதே ஒரு நோட்டில் தமிழில் எழுதத் தொடங்குவது. பெயர் போடாமல், முகவரி போடாமல், அன்றன்றைக்கு. 'ஏழைப் பெண் மிகவும் கஷ்டப்பட்டாள்' என்று எழுதினால் அதில் எதுவும் இல்லை. 'மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை, கடன் கொடுத்தவர் காலையில் வந்துபோனார், பேசும்போது மூன்று தடவை கதவைப் பார்த்தாள்' என்று எழுதினால் அதில் அடுத்து செய்ய வேண்டிய வேலை தெரியும். பார்த்தது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பிரித்து எழுதப் பழகியவர் நேர்காணலிலும் அப்படியே பேசுவார். நேர்காணல் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பேச்சு உடனே பிடிபட்டுவிடும்.

தேர்வு எதைப் பார்க்கிறது?

முன்பெல்லாம் டிஸ் தனக்கென்று ஒரு நுழைவுத் தேர்வு நடத்தியது. அதில் தேறியவர்களை அழைத்து நேரில் பேசித் தேர்ந்தெடுத்தது. சில ஆண்டுகளாக முதுகலைக்கு மத்திய அரசின் பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. வந்திருக்கிறது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. பெரும் எண்ணிக்கையில் வருகிறவர்களைச் சலிக்க ஏதாவது ஒரு முறை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் மாமியார் படுத்திருக்கிற கோலியில் மருமகளின் முகத்தைப் பார்க்கத் தெரியுமா என்பதை நான்கு விடைகளுக்குள் வைத்துக் கேட்க முடியாது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவர் முன்னே போவார். குப்பைமேட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். மும்பையில் 1955 முதல் நடக்கிற நிர்மலா நிகேதன் கல்லூரிக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் தனித்தனி நடைமுறை உண்டு. ஒரே கதவை நம்பியிருக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் 2003-ல் சமூகப்பணிக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். சமூகப்பணியாளரின் உதவியைப் பெற்று வாழ்ந்தவர்களும், வீட்டில் நோயாளியைப் பராமரிக்கிறவர்களும் மாணவர் தேர்விலும் கற்பித்தலிலும் பங்கேற்க வேண்டும். அங்கே பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரர் தன் வீட்டில் தாத்தாவையோ ஊனமுற்ற தம்பியையோ பார்த்துக்கொண்டதையும் அனுபவமாக ஏற்கின்றன. இதை மும்பையில் ஏன் செய்யக் கூடாது? பைகன்வாடி அங்கன்வாடித் தாய் ஒருவரும், சீத்தா கேம்ப் மகளிர் குழுத் தலைவி ஒருவரும் நேர்காணல் மேசையில் பேராசிரியர்களோடு உட்காரட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்போமா, மாட்டோமா என்று அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணம் என்ற தடையும் உண்டு. 2018 பிப்ரவரியில் டிஸ் மாணவர்கள் வளாகத்தில் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். தலித், பழங்குடி மாணவர்களுக்கான கட்டணச் சலுகை குறைக்கப்பட்டபோது. அரசின் கல்வி உதவித்தொகை தாமதமாக வரும்போது விடுதிக் கட்டணம் காத்திருப்பதில்லை. சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் சேர்க்கைக்கு முன்பே வாங்கி வைப்பது, உதவித்தொகைக்கான இணையப் பதிவை முதல் நாளே செய்வது, இதெல்லாமும் முன் தயாரிப்புதான். ஊருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த பிள்ளை தன் படிவத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் கேட்கும் கேள்வியும் வரும். 'பொம்பளப் பிள்ள ராத்திரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போற படிப்பா?' என்று அப்பா கேட்பார். 'எவ்வளவு சம்பளம்?' என்று மாமா கேட்பார். ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப்பணியாளர் என்ற பணியிடம் இருக்கிறது. 1946-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியிலேயே முதன்முதலாக நியமித்துவிட்டார்கள். சிறை, நீதிமன்றம், குழந்தைகள் நலக் குழு, பள்ளி, தொழிற்சாலை என்று வேலை உண்டு. சம்பளம் அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்த வேலைகளே பெருகிவிட்டன. சேர்வதற்கு முன்பே இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. இரண்டாம் ஆண்டில் பாதியில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறோம்.

இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு வழக்கமாக மார்ச்சில் வருகிறது. அதற்குள் சொல்லத்தக்க அனுபவம் வேண்டுமானால் முந்தைய ஜூனிலேயே தொடங்க வேண்டும். சிவாஜி நகரில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் 'அப்னாலயா', சயான் ஆஸ்பத்திரிக் குழந்தை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய 'ஸ்னேஹா' போன்ற அமைப்புகளிடம் நேரில் போய், வாரத்தில் ஒரு நாள் வருகிறேன், ஓர் ஆண்டு வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். 10 அமைப்பில் 10 சான்றிதழ் வாங்குவதைவிட ஒரே தெருவுக்கு ஓராண்டு போவது மேல். அமைப்பு எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் சாலிலேயே ஓர் அங்கன்வாடி இருக்கும். ஜூனில் மழை தொடங்கும். கட்டர் நிரம்பி, டெங்குவும் மலேரியாவும் வரிசையாக வரும். அந்த நான்கு மாதமும் அங்கன்வாடித் தாய்க்கு வீடு வீடாகப் போகக் கூட ஓர் ஆள் தேவைப்படும். அவரிடம் போய்க் கேளுங்கள்.